அந்த ஆறு மாதமும் இந்த ஆறு மாதமும்

மலைப்பாதையில் கோதண்டபாணியின் மோட்டார்சைக்கிள் சறுக்கி விழுந்தபோது அவனுக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. பின்னால் உட்கார்ந்திருந்த, அவன் பாவா என்று கூப்பிடுகிற அக்கா புருஷன் சடகோபனுக்குத்தான் வலது காலில், முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன.

அது எண்பத்தைந்தாம் வருஷம் மார்ச் மாதம். சடகோபன் துபாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். போய் ஆறு வருஷமாகிறது. டிசம்பர் நடுவில் மூன்று மாத லீவில் திருத்தணிக்கு வந்திருந்தார். திரும்பிப் போக ஒரு வாரம் இருக்கையில், கிளம்புவதற்கு முன் முருகனுக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்று மைத்துனனைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். இறங்கும் வழியில் ஒரு குரங்கு குறுக்கே ஓடியது. கோதண்டபாணி பிரேக்கை மிதித்தான். பிடிக்கவில்லை.

கேட்டவர்களிடமெல்லாம் அவன் குரங்கைத்தான் சொன்னான். பின் பிரேக் ஒரு வாரமாகவே தளர்ந்திருந்ததைச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன் அவன். ஊரார் சாமான்களையெல்லாம் சொன்ன தேதிக்குச் சரிசெய்து கொடுப்பான். தன் வண்டியை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

அக்கா வரலட்சுமி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். தொடை வரை மாவுக்கட்டோடு படுத்திருந்த புருஷனைப் பார்த்தாள். தம்பியின் முழங்கையைப் பார்த்தாள். "நீ சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கூட அவனைக் குறை சொல்லவில்லை. வேளாவேளைக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டாள். அவள் கத்தித் தீர்த்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றும். அந்த வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் திருடன் மாதிரி செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினான்.

கம்பெனிக்குத் தந்தி அடித்தார்கள். குணமானதும் வரலாம், லீவை நீட்டியிருக்கிறோம், ஆனால் சம்பளம் கிடையாது என்று பதில் வந்தது. வேலை போகவில்லையே என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். சடகோபன் கட்டிலில் கிடந்தபடி இரண்டு பெண் குழந்தைகளோடும் தாயம் ஆடினார். டாக்டர் சொன்னபடி எலும்பு கூடிக்கொண்டு வந்தது.

இப்படி ஒருமாதிரி நிலைமை அடங்கி வந்த நேரத்தில்தான் வேடியப்பன் கடைக்கு வந்தான்.

வேடியப்பன் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜெண்டுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். சென்னைக்கும் திருத்தணிக்கும் நடையாய் நடப்பான். கையில் எப்போதும் ஒரு தோல் பை. அன்றைக்கு ஒரு டேப் ரிக்கார்டரைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தவன், ஸ்டூலில் உட்கார்ந்து பேச்சைத் தொடங்கினான்.

"உங்க பாவா வந்து எத்தினி மாசம் ஆவுது?"

"டிசம்பர்ல வந்தாரு. இதோ, அஞ்சு ஆவப் போவுது."

வேடியப்பன் உச்சுக் கொட்டினான். "ஆறு முடிஞ்சா கதை முடிஞ்சுது. தெரியுமா உனக்கு?"

"இன்னா கதை?"

"துபாய்க்காரன் குடுத்த விசா, ஆறு மாசம் அந்த ஊரு மண்ணை மிதிக்கலன்னா செத்துப்பூடும். கம்பெனி லீவு குடுத்துகினு இருக்கும், ஏர்போர்ட்டுல உள்ள உட மாட்டான். அது ஒண்ணு. ரெண்டாவது, இங்க ஆறு மாசம் இருந்துட்டா இந்த கவர்மெண்டு உங்க பாவாவை உள்ளூர்க்காரன்னு கணக்குல எடுத்துக்கும். அப்பால அங்க இத்தினி வருஷமா சம்பாரிச்சது எல்லாத்துக்கும் இன்கம்டாக்ஸ். கட்டலன்னா வீட்டு வாசல்ல ஜீப்பு வந்து நிக்கும்."

கோதண்டபாணியின் கையிலிருந்த சால்டரிங் கம்பி மேஜை விரிப்பைப் பொசுக்கியது. அவன் கவனிக்கவில்லை.

"அப்ப இன்னாங்க பண்றது?"

வேடியப்பன் குரலைத் தாழ்த்தினான். "பாஸ்போர்ட்ட என்கிட்ட குடு. நடுவுல ஒரு தடவை துபாய் போயிட்டு வந்தா மாதிரி முத்திரை போட எனக்கு ஆளு இருக்கு. அந்தக் கணக்கும் புதுசாயிடும், இந்தக் கணக்கும் புதுசாயிடும். உங்க பாவா கட்டிலை உட்டு எறங்கவே வேணாம். யாராண்டயும் சொல்லாத."

அவன் போன பிறகு கோதண்டபாணிக்கு வேலை ஓடவில்லை. இரண்டு மூன்று நாள் சோறும் இறங்கவில்லை. காலை உடைத்தது போதாதென்று வேலையையும் உடைத்துவிட்டோம். வேலை மட்டுமா, ஆறு வருஷ உழைப்பையும் வரிக்காரன் வாயில் போட்டுவிட்டோம் என்று அதையே நினைத்து நினைத்து அவனுக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். தான் செய்ததைத் தானே யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிட வேண்டும்.

மறுநாள் காலை, வரலட்சுமி தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போனான். பாவா திரும்பிப் படுத்திருந்தார். பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். திரும்பினால் வாசற்படியில் குடத்தோடு அக்கா நின்றிருந்தாள்.

"இன்னாடா அது?"

"ஒண்ணும் இல்லக்கா."

குடத்தைக் கீழே வைத்தாள். நேரே வந்து அவன் சட்டைக்குள் கையை விட்டுப் பாஸ்போர்ட்டை உருவினாள். அவன் திக்கித் திணறி வேடியப்பன் சொன்னதையெல்லாம் சொன்னான். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"கள்ள முத்திரை போடப் போறியா? மாட்டிகினா உங்க பாவா கையில வெலங்கு மாட்டுவான், உன் கையில இல்ல! காலை ஒடச்ச, போதாதா? அந்தப் பிரேக்கு புடிக்கலன்னு உனக்குத் தெரியும் இல்ல? தெரிஞ்சுதானே என் புருசனைப் பின்னால உக்கார வச்சுகினு போன? வண்டியப் பார்த்த மெக்கானிக்கு அன்னிக்கே எனக்குச் சொல்லிட்டான். எத்தினி நாளா இதை மனசுல வச்சுகினு உனக்குச் சோறு போட்டுகினு இருக்கேன் தெரியுமா? ஒரு நாளாவது நீயா வந்து சொல்லுவன்னு பார்த்தேன். சொன்னியா?"

இன்னும் என்னென்னவோ சொன்னாள். சின்ன வயசில் அவன் தறிக்குழியில் விழுந்ததிலிருந்து பத்தாவதில் கோட்டை விட்டது வரைக்கும் எல்லாம் வந்தது. கோதண்டபாணி பீரோவில் சாய்ந்து நின்று அழுதான். அழுகையோடு அழுகையாக நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போயிற்று. அக்கா திட்டிவிட்டாள். இனி இந்த வீட்டுக்குள் ஒழுங்காகச் செருப்பைக் கழற்றிவிட்டு வரலாம்.

கட்டிலிலிருந்து சடகோபன் குரல் கொடுத்தார். அவர் தூங்கவே இல்லை போலிருக்கிறது.

"வரலட்சுமி, போதும் உடு. டேய் பாணி, மூஞ்சியக் கழுவிகினு இங்க வா."

இருவரும் வந்து நின்றார்கள்.

"விசா விசயம் எனக்கும் தெரியும்டா. ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா தகராறுதான். ஜூன் பாதி வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள கட்டுப் பிரிச்சிடுவாங்கன்னு நெனச்சேன். இப்போ டாக்டர் இன்னும் ஒண்ணரை மாசம் ஆவும்ங்கறாரு. சொன்னா இவ பயந்துக்குவான்னு வாய மூடிகினு கெடக்கறேன். ஆனா இந்த இன்கம்டாக்ஸ் சங்கதி எனக்குப் புதுசு. அதான் ரோசனையா இருக்குது."

வரலட்சுமி குடத்தை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"பள்ளிப்பட்டுல பெரியப்பா பவர்லூம் கணக்கெல்லாம் அரக்கோணத்துல ஒரு ஆடிட்டர்தானே பாக்கறாரு? அவரையே கேட்டுட்டா போச்சு. தெரியாதவன் பேச்சைக் கேட்டு எதுக்கு நடுங்கணும்? டேய், கெளம்பு."

அன்றைக்கே இருவரும் ரயிலேறி அரக்கோணம் போனார்கள். ஆடிட்டர் வரதராஜனின் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, மேலே மின்விசிறி சுற்றியும் கையில் ஒரு விசிறி. வரலட்சுமி பேசினாள். கோதண்டபாணி பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்திருந்தான்.

"அங்க போயி எத்தனை வருஷமாச்சும்மா?"

"ஆறு வருசங்க. நடுவுல ரெண்டு தடவை வந்தாரு. ரெண்டு ரெண்டு மாசம் இருந்துட்டுப் பூட்டாரு."

ஆடிட்டர் பாஸ்போர்ட்டை வாங்கி முத்திரைகளைப் புரட்டிப் பார்த்தார். ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தில் விரலை ஓட்டினார். பிறகு மேஜை மேலிருந்த தினசரி காலண்டரை வரலட்சுமி பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"உங்களைப் பயமுறுத்தினவர் ரெண்டு ஆறு மாசத்தை ஒண்ணாப் போட்டுக் குழப்பிட்டார். துபாய்க்காரன் சொல்ற ஆறு மாசம், அவர் அந்த ஊரை விட்ட நாள்லேர்ந்து ஒரே மூச்சா எண்ணறது. அந்த ஆறு மாசம் வேற, நம்ம இன்கம்டாக்ஸ் ஆறு மாசம் வேற. நமக்கு வருஷம் பொறக்கறது ஏப்ரல்ல, முடியறது மார்ச்சுல. அந்தந்த வருஷத்துக்குள்ள எத்தனை நாள் இங்க இருந்தார்னுதான் பார்க்கணும்."

"அப்படீன்னா?"

"டிசம்பர் நடுவுல வந்தார். மார்ச் கடைசியோட ஒரு வருஷக் கணக்கு முடிஞ்சு போச்சு. அதுல மூணரை மாசம்தான். ஏப்ரல் ஒண்ணாந் தேதி மறுபடியும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பம். ஜூன்ல போனாலும் சரி, ஆகஸ்டுல போனாலும் சரி, இந்த வருஷத்துலயும் ஆறு மாசம் ஆகாது. கொஞ்ச நாள் இருந்தாலே புடிச்சிக்கற வேற ஒரு விதியும் இருக்கு. ஆனா அது, முன் நாலு வருஷத்துல மொத்தமா ஒரு வருஷத்துக்குக் குறையாம இங்க இருந்தவங்களுக்கு. இவர் அந்தப் பக்கமே வரல. ரெண்டு வருஷத்துக்கும் அவர் வெளியூர்வாசிதான். அவர் அங்க வேலை செஞ்சு வாங்கின சம்பளத்துல இன்கம்டாக்ஸ்காரங்க கை வைக்க முடியாது."

வரலட்சுமி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஜீப்பு வராதுங்களா?"

ஆடிட்டர் விசிறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "வராதும்மா. அவர் பேருக்கு இங்க வாடகை கீடகை, பாங்கி வட்டின்னு ஏதாவது பெரிசா வந்தா மட்டும் என்கிட்ட வாங்க. அதுக்கு இந்த ஊர் வரி உண்டு."

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க."

"அப்போ நிம்மதியா வீட்டுக்குப் போங்க. விசா விஷயம் என் புஸ்தகத்துல இல்ல. அதை அந்தக் கம்பெனியத்தான் கேட்கணும். ஆனா ஒண்ணு, தம்பி," என்று கோதண்டபாணியைப் பார்த்தார். "கள்ள முத்திரை மட்டும் வேண்டாம். அது ஒரு தடவை தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் எந்த நாடும் அவரைச் சேர்க்காது."

மாடிப்படியில் இறங்கும்போது வரலட்சுமி நடுவில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பாதி பாரம் எறங்கிச்சுடா," என்றாள். மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு பன்னீர் சோடா குடித்தார்கள்.

மீதிப் பாதியான விசாவுக்குத் துபாய்க்கு டிரங்கால் போட வேண்டியிருந்தது. தெரு முனை அரிசி மில்லில் போன் இருந்தது. முதலாளி தெரிந்தவர். காலையில் புக் செய்துவிட்டுக் கோதண்டபாணி தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து காத்திருந்தான். வெயில் சாய்கிற நேரத்தில் லைன் கிடைத்தது. மறுமுனையில் கிருஷ்ணன். கம்பெனியில் ஆட்களின் விசா, பதிவு வேலைகளைப் பார்க்கிற மலையாளி. சடகோபனோடு ஒரே அறையில் இருந்தவர். பாலக்காட்டுக்காரர் என்பதால் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"சடகோபன் மச்சானா? சொல்லுங்க, சொல்லுங்க. கால் எப்படி?"

மில் இரைச்சலுக்கு மேலே கோதண்டபாணி கத்திப் பேசினான். கிருஷ்ணனும் கத்தினார்.

"ரெண்டு வழி இருக்கு. இந்த விசாவைச் சாக விட்டுட்டுக் கம்பெனி புது விசா போடலாம். ஆனா அதுக்கு எத்தனை மாசம் ஆகும்னு சொல்ல முடியாது. அதுக்குள்ள கிரேனுக்கு வேற ஆள் வந்துடுவான். இன்னொரு வழி, ஆறு மாசம் முடியறதுக்குள்ள அவர் இங்க வந்து இறங்கிடணும். அவ்வளவுதான். இங்க ஒரு தடவை கால் வெச்சா விசா பொழைச்சுது."

"கால்தாங்க ஒடஞ்சிருக்குது!"

"கட்டுப் போட்ட காலா இருந்தாலும் கால்தானே!" என்று கிருஷ்ணன் சிரித்தார். "கிரேன் ஏற வேண்டாம். ஸ்டோர்ல உட்கார்ந்து சாமான் எடுத்துக் குடுக்கற வேலை இருக்கு. இந்தத் தேதி வருதேன்னு நான் முன்னாடியே மேனேஜர்கிட்ட பேசி வெச்சிருக்கேன். கால் சரியாகிற வரைக்கும் அங்க இருக்கட்டும். டாக்டர்கிட்ட பிளேன்ல போகலாம்னு ஒரு சீட்டு மட்டும் வாங்கிட்டு அனுப்புங்க."

கோதண்டபாணி மில்லிலிருந்து ஓட்டமாக ஓடினான். மூச்சிரைக்க அதையெல்லாம் அப்படியே ஒப்பித்தான். "கட்டுப் போட்ட காலும் கால்தான்" என்ற இடம் வந்ததும் சடகோபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழுந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை. கட்டில் குலுங்கச் சிரித்தார். குழந்தைகளும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தன.

ஜூன் முதல் வாரத்தில் டாக்டர் பழைய கட்டைப் பிரித்துப் படம் எடுத்தார். எலும்பு நன்றாகப் பிடித்திருந்தது. முழங்காலோடு நிற்கிற சின்னக் கட்டாகப் போட்டு, கக்கத்தில் இரண்டு கட்டைகளைக் கொடுத்து நடக்கச் சொன்னார். சடகோபன் வீட்டுக்கும் தெரு முனைக்குமாக நடந்து பழகினார். நான்காம் நாள் அரக்கோணத்தில் பம்பாய் ரயில் ஏறினார்கள். துபாய் விமானம் பம்பாயிலிருந்துதான். கோதண்டபாணி கூடப் போனான். கீழ் பெர்த்தில் பாவாவைப் படுக்க வைத்து, காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஓடித் தண்ணீர் பிடித்து வந்தான்.

பம்பாய் விமான நிலையத்துக்குள் அவனை விடவில்லை. கண்ணாடிக் கதவு வரைதான். சடகோபன் ஒரு கட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டு, விட்ட கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாணி, வண்டி பிரேக்கைச் சரி பண்ணிட்டியா?"

"வண்டியையே வித்துட்டேன் பாவா."

"பைத்தியக்காரா. பிரேக்கு கெட்டா பிரேக்கை மாத்துவியா, வண்டிய விப்பியா? நான் வந்ததும் வேற ஒண்ணு வாங்கலாம். போ, பத்திரமாப் போ."

கொடுத்த கட்டையை வாங்கிக்கொண்டு, இரண்டையும் ஊன்றி ஊன்றி உள்ளே போய் மறைந்தார். விமானம் கிளம்பிவிட்டதென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவன் ரயில் நிலையத்துக்குப் போனான். ஆனால் கவலை விடவில்லை. விமானம் கிளம்பியதெல்லாம் சரி, அங்கே கதவைத் திறப்பார்களா? தேதியை வேறு மாதிரி எண்ணிவிட்டால்? கட்டைப் பார்த்து நோயாளி என்று திருப்பி அனுப்பிவிட்டால்? திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு இதையே போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தான். குண்டக்கல்லில் வாங்கிய சாப்பாட்டைப் பிரிக்காமலே பக்கத்துப் பெஞ்சுக்காரருக்குக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் பிற்பகல் ரயில் அரக்கோணத்துக்குள் நுழைந்தது. பெட்டியோடு வாசலில் நின்றவன், பிளாட்பாரக் கும்பலில் வரலட்சுமியைப் பார்த்தான். அவள் வருவதாகச் சொல்லவே இல்லை. கெட்ட சேதியோ என்று நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, ஓடுகிற ரயிலோடு கூடவே ஓடி வந்தாள்.

"உள்ள உட்டுட்டாங்கடா! அரிசி மில்லுக்கு போன் வந்துச்சு. நானே பேசினேன்!"

அவன் இறங்கி, பெட்டியைப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நல்லா சொல்லுக்கா. உட்டுட்டாங்களா?"

"ஆங். முத்திரை போட்ட ஆபீசரு கட்டையைப் பார்த்துட்டு, நீ ஏன் நின்னுகினு இருக்கேன்னு நாற்காலி போடச் சொன்னாராம். ஒரு கேள்வியும் கேக்கலியாம். கிருஷ்ணன் வெளிய காரோட நின்னுகினு இருந்தாராம். உங்க பாவா, நீ சாப்ட்டியான்னு உன்னைத்தான் கேட்டாரு."

"சாப்பிடல," என்றான் கோதண்டபாணி. அப்போதுதான் அவனுக்குப் பசித்தது. அவள் தூக்கில் தயிர்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுவந்திருந்தாள். பிளாட்பாரத்துக் குழாயடியில் கை கழுவிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.

திருத்தணி வழியாகப் போகிற பாசஞ்சர் வந்ததும் ஏறி எதிரெதிராக உட்கார்ந்தார்கள். பெட்டியில் கூட்டமில்லை. காற்று நன்றாக வந்தது. வரலட்சுமி, புருஷன் போனில் இன்னும் என்ன சொன்னார் என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் நிறுத்திக் கொட்டாவி விட்டாள். மார்ச் மாதத்திலிருந்து முழுசாக ஒரு தூக்கம் தூங்கியதில்லை என்றாள். "கண்ணை மூடிக்கோ, நான் பார்த்துக்கறேன்," என்றான் அவன்.

யாரோ தோளைத் தட்டியபோது கோதண்டபாணி விழித்தான். கூடையோடு நின்ற ஒரு பழக்காரி, "எக்கட திகாலி?" என்று, எங்கே இறங்க வேண்டும் என்பதைத் தெலுங்கில் கேட்டாள். வெளியே பெயர்ப் பலகையில் தெலுங்கில் பெரிதாக எழுதியிருந்தது. நகரி. திருத்தணி எப்போதோ பின்னால் போய்விட்டது.

"அக்கா! எழுந்திரு, ஆந்திரா வந்துட்டோம்!"

அலறிப் புடைத்துக்கொண்டு, பெட்டியையும் தூக்கையும் வாரிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். ரயில் நகர்ந்து போயிற்று. வெறும் பிளாட்பாரத்தில் அவள் அவனைப் பார்த்தாள்.

"நீ பார்த்துக்கறன்னியேடா?"

"பார்த்துகினுதான் இருந்தேன். எப்போ தூங்கினேன்னு தெரியலக்கா."

அவள் முதலில் முறைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் நீர் வர, சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அரக்கோணம் பக்கம் போகிற வண்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்று போர்ட்டர் சொன்னார். பரவாயில்லை என்று கோதண்டபாணி இரண்டு டீ வாங்கப் போனான்.